வெயில் படாத வடக்குச் சுவர்

கொல்லிமலையில் மழையும் காற்றும் தொட முடியாத உருவம் ஒன்றே ஒன்றுதான்: கொல்லிப்பாவை. நற்றிணையின் 201-ஆம் பாட்டில் பரணர் அதைப் பற்றிச் சொல்கிறார். புயல், பேய்மழை, இடி என எது வந்தாலும் பாவையின் அழகு குலையாதாம். பாவைக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது. செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் வளப்பூர் நாட்டிலும் நிற்கிற வீடுகளுக்கு அது கிடையாது.

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரைத் தாண்டிவிடுகிறோம். பலா, சில்வர் ஓக், அவற்றின் மேல் ஏறிய மிளகு, அடியில் காப்பி என்று திரும்பிய பக்கமெல்லாம் நிழல். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டாலும் மூடுபனி விடாது. துவைத்துப் போட்ட துணியே காயாத ஊரில் சுவர் எப்படிக் காயும்?

சாலையைப் பார்த்த முகப்பு ரோஸ், பிஸ்தா, வாடாமல்லி என்று பளிச்சென்றுதான் இருக்கும். பக்கவாட்டில் சுற்றிப் போனால் கதை வேறு. ஏதோ ஒரு சுவர் மட்டும் இடுப்பளவுக்குப் பச்சையாகவும் அதற்கு மேல் கறுப்பாகவும் நிற்கும். சன்ஷேடின் இரு முனைகளிலிருந்தும் மை வழிந்ததுபோல் கோடுகள் இறங்கியிருக்கும். அது எந்தத் திசைச் சுவர் என்று கவனித்தால், பெரும்பாலும் வடக்காக இருக்கும்.

இதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. கொல்லிமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 பாகையில் அமைந்திருக்கிறது. செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் தென்பாதிக்குப் போகிறது. மார்ச் 21 வாக்கில்தான் திரும்புகிறது. இடைப்பட்ட ஆறு மாதமும் வடக்கு பார்த்த சுவரில் நேர்வெயில் ஒரு நிமிடம்கூட விழாது. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் சரியாக இந்த ஆறு மாதத்துக்குள் வருகின்றன. காற்றும் வடகிழக்கிலிருந்தே அடிப்பதால் சாரல் இந்தச் சுவரில் மோதுகிறது. கிழக்குச் சுவருக்கும் சாரல் உண்டு. ஆனால் பனி விலகினால் காலை வெயிலாவது கிடைக்கும். வடக்குச் சுவர் நனைவதோடு சரி. வாஸ்து பார்த்து வடக்கு வாசல் வைத்தவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி.

ஆனால் நம் வீட்டுப் பராமரிப்பில் திசைக்கு இடமே இல்லை. பொங்கல் வந்தால் நான்கு சுவருக்கும் ஒரே பெயின்ட், ஒரே நாளில். சமவெளியில் இதில் பெரிய தவறில்லை. நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ மார்கழி பாதியில் மழை ஓய்ந்துவிடும். தை பிறக்கும்போது சுவர் ஓரளவு உலர்ந்திருக்கும். போகிக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கம் அந்தத் தட்பவெப்பத்துக்குப் பொருந்திய வழக்கம். மலைமேல் தை மாதம் பனியின் உச்சம். விடிந்து வெகுநேரம் ஆகியும் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். அந்த ஈரத்தின் மேல் எமல்ஷன் பெயின்டைப் பூசினால் அது மெல்லிய பிளாஸ்டிக் தாள் மாதிரி படிந்து, உள்ளே இருக்கும் தண்ணீரை உள்ளேயே அடைத்துவிடும். மாசியில் வெயில் ஏறும்போது அடைபட்ட ஈரம் வெளியே வர வழி தேடும். பெயின்ட் கொப்பளிக்கும், பிறகு உரியும். பெயின்ட் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது; பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

பழைய வீடுகளுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அவை நன்றாகக் கட்டப்பட்டவை என்பதற்காக அல்ல; அவற்றை யாரும் சும்மா விட்டுவைத்ததில்லை. மலையாளிப் பழங்குடி மக்களின் மண் சுவர், புல் கூரை வீடு கவனிக்காமல் விட்டால் சில வருஷத்தில் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். அதனால் கூரை மேய்வதற்கும், தரை மெழுகுவதற்கும், மழையில் கரைந்த சுவருக்கு மண் அப்புவதற்கும் வருஷத்தில் ஒரு காலம் இருந்தது. தாழ இறங்கிய கூரை சாரலைச் சுவர் பக்கமே அண்டவிடாது. அடுப்புப் புகை கூரையை உள்ளிருந்து உலர்த்தும், பூச்சியையும் விரட்டும். இந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்கள் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று ஏங்குபவர்கள் பெரும்பாலும் கூரை மேய்ந்திராதவர்கள்.

பிறகு கான்கிரீட் வந்தது. 1985-ல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்திலிருந்து, 2011-ல் வந்த 300 சதுர அடி சூரிய ஒளிப் பசுமை வீடுகள், 2024-ல் அறிவிக்கப்பட்ட, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிற கலைஞரின் கனவு இல்லம் வரை, தமிழகக் கிராமங்களில் குடிசை இருந்த இடத்தில் தளம் போட்ட வீடு எழும்பியதற்கு அரசுப் பணம் ஒரு முக்கியக் காரணம். நல்ல காரியம்தான். ஆனால் தளம் போட்ட வீடு என்றால் இனி வேலையே இல்லை என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்து குடிவந்தது. புல் கூரை ஒழுகினால் அன்றைக்கே தெரியும். கான்கிரீட் நனைவது பத்துப் பதினைந்து வருஷம் வெளியே தெரியாது. பாசி பிடித்த இடத்தில் ஈரம் தங்கும். தங்கிய ஈரம் மயிரிழை விரிசல்கள் வழியே கம்பிக்குப் போகும். கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்ட இடத்தைக் காரையை உடைத்து எடுத்துக்கொள்ளும். தொகுப்பு வீடுகளில் மேற்கூரைக் காரை பெயர்ந்து விழுந்த செய்திகளின் பின்கதை பெரும்பாலும் இதுதான். அரசுத் திட்டங்களில் கட்டிய பழைய வீடுகளைச் சீரமைக்கவென்றே 2024-ல் தனித் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டியிருந்தது.

சுத்தம் செய்யக் கிளம்புமுன் சுவரைப் படிக்கத் தெரிய வேண்டும். எல்லாக் கறையும் ஒரே கறை அல்ல.

பச்சை என்றால் பாசி. அங்கே இப்போதே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். மேலே ஒரு குழாய் ஒழுகலாம், கீழே ஒரு சாக்கடை தேங்கலாம். தண்ணீரை நிறுத்தினால் பச்சை சில வாரத்தில் தானே வெளுக்கும். கறுப்பு வேறு ஜாதி. அதில் பெரும்பங்கு நீலப்பச்சைப் பாக்டீரியாவும் கரும்பூஞ்சையும். சூரிய ஒளியில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளிவிடும் வித்தையை இந்தப் பூமியில் முதலில் கற்றவை நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள். கோடை முழுக்கச் செத்ததுபோல் காய்ந்து கிடக்கும்; முதல் மழையில் உயிர்த்துக்கொள்ளும். வெயிலில் கறுப்பு மறைந்துவிடும் என்று காத்திருப்பது வீண். அமெரிக்காவில் ஈரப்பதம் மிகுந்த மாநிலங்களின் வீட்டுக் கூரைகளில் இறங்கும் கறுப்புக் கோடுகளுக்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குளோயியோகேப்சா என்ற உயிரிதான் காரணம்.

சில சுவர்களிலும் மரப்பட்டைகளிலும் காவி கலந்த ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட் மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். செம்மண் தெறித்திருக்கிறது என்று பலரும் நினைப்பார்கள். அதுவும் ஒரு பாசி, பெயர் ட்ரென்டபோலியா. பச்சையத்தை மறைக்கும் அளவுக்குச் செம்மஞ்சள் நிறமி அதில் இருக்கிறது. 2001-ல் கேரளத்தில் கோட்டயம், இடுக்கிப் பக்கம் சிவப்பு மழை பெய்து வேற்றுக்கிரகம் வரை பேச்சு போனதே, அந்த மழைநீரைச் சோதித்த இந்திய விஞ்ஞானிகள் கண்டது இந்தப் பாசி இனத்தின் வித்துகளை. சாம்பலும் வெள்ளையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது கற்பாசி. மிக மெதுவாக வளர்வது, சுவரைக் கெட்டியாகப் பற்றுவது. சுரண்டினால் பூச்சும் சேர்ந்து வரும்.

கடைசியாக வெள்ளைப் பொடி. இது உயிரே இல்லை. செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருந்த உப்பு ஈரத்தோடு மேலே வந்து பூத்தது. இதற்குப் போய் மருந்தடிப்பவர்கள் நிறைய. தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் உதவாது. உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய், மறுபடி வெளியே வரும். காய்ந்த பிரஷால் தேய்த்து உதிர்த்துவிட்டு, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஈரத்தின் வழியை அடைப்பதுதான் முதல் வேலை. தேய்ப்பதும் பூசுவதும் அதற்கு அப்புறம்.

கொல்லிமலையில் அந்த வழி பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் தொடங்குகிறது. இங்கே சமநிலம் குறைவு. சரிவை வெட்டி மட்டப்படுத்தித்தான் வீடு எழும்புகிறது. பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்குத்தான் பல வீடுகளில் இடைவெளி. மேட்டிலிருந்து கசியும் நீர் முழுக்க அந்தச் சந்தில் இறங்கி அஸ்திவாரத்தை நனைக்கிறது. வீட்டின் மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, வரும் நீரை இரு பக்கமும் திருப்பிவிட்டு, சந்தில் விழுந்த மண்ணை மழைக்கு முன் வாரிவிட்டாலே பாதி ஓதம் போய்விடும். இதற்கு மண்வெட்டியைத் தவிர வேறு செலவில்லை. அந்தச் சந்திலேயே விறகை அடுக்கிவைப்பதும் வழக்கம். விறகுக்குப் பின்னால் சுவர் வருஷம் முழுக்கக் காயாது. கறையானுக்கும் ஏணி போட்டுக் கொடுத்தாயிற்று.

சுவரின் அடிப்பகுதி செம்மண் நிறமாக இருந்தால் அது தெறிப்பு. கூரையிலிருந்து விழும் தண்ணீர் மண்ணில் மோதி, சேற்றோடு திரும்பிச் சுவரில் அடிக்கிறது. விழும் இடத்தில் இரண்டடி அகலத்துக்கு ஜல்லி பரப்பினால் தெறிப்பு அடங்கும். சன்ஷேடின் அடிப்பக்கம், விளிம்பை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு காடி விட வேண்டும். காடி இருந்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லையென்றால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வரும். அந்தக் கறுப்புக் கோடுகள் அப்படி வந்தவை. புது வீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரிடம் இந்த ஒன்றையாவது கேட்டு வாங்கிவிடுங்கள். காசு அதிகம் ஆகாது, பலரும் கேட்பதில்லை என்பதால் விட்டுப்போகிறது. மாடியில் பலா இலையும் சில்வர் ஓக் சருகும் நீர்ப்போக்குக் குழாயின் வாயை அடைத்தால் தளமே குளமாகும். கைப்பிடிச் சுவரின் விரிசலில் பறவை எச்சத்திலிருந்து முளைத்த அரசங்கன்றை இரண்டு இலை விட்டபோதே வேரோடு பிடுங்க வேண்டும். மேலே மட்டும் கிள்ளினால் வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும். கோயில் கோபுரங்களையே பிளக்கிற வேர் அது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிரஷ்.

கார் கழுவுகிற பிரஷர் வாஷரைச் சுவர் மேல் திருப்பினால் கறை போவது கண்ணுக்கு விருந்தாகத்தான் இருக்கும். கூடவே சிமென்ட் பூச்சின் மேல்தோலும், ஓட்டின் சுட்ட மேற்பரப்பும் போகும். சொரசொரப்பான பரப்பில் அடுத்த வருஷம் பாசி இன்னும் நன்றாகப் பற்றும். அமெரிக்காவில் கூரைத் தகடு தயாரிப்பவர்களே தங்கள் கூரையில் அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டைச் சுவரில் ஊற்றித் தேய்ப்பது அதைவிட மோசம். ஆசிட் பாசியைத் தின்னுமுன் சிமென்ட்டைத் தின்றுவிடும்.

பிளீச்சிங் பவுடர் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கரைத்து, கசடு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, மேகமூட்டமான, மழையில்லாத நாளில் கீழிருந்து மேலாகப் பூசி, கால் மணி நேரம் விட்டு, தேங்காய் நார் பிரஷால் மெல்லத் தேய்த்துக் கழுவிவிடலாம். சுவரோரத்து மிளகுக் கொடிக்கும் காப்பிச் செடிக்கும் முன்னதாகவே நல்ல தண்ணீர் ஊற்றி நனைத்துவிட வேண்டும். நனைந்த இலையும் மண்ணும் மருந்தைக் குறைவாகவே குடிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும்; நுரையீரலைப் புண்ணாக்கும் விஷம் அது. தகரக் கூரைக்கு இந்தக் கரைசல் வேண்டாம், துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். மழைநீரைக் குடிக்கச் சேமிக்கிற கூரையாக இருந்தால், கழுவிய நீரும் அடுத்து வரும் முதல் மழையும் தொட்டிக்குப் போகாமல் திருப்பிவிட வேண்டும்.

கழுவி, நன்றாகக் காய்ந்த வடக்குச் சுவருக்கு எது பூச்சு? எமல்ஷனைவிடச் சுண்ணாம்புக்கே என் ஓட்டு. மலிவு என்பதற்காக மட்டும் அல்ல. நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை 12 பிஎச் அளவு. அதில் பாசியோ பூஞ்சையோ பிழைக்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேரச் சேரச் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது, காரம் குறைகிறது. ஆகவே வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருக்கிறது. வருஷா வருஷம் வெள்ளையடிப்பது பண்டிகைச் சடங்கு என்று நாம் நினைத்தாலும், மருந்தின் வீரியம் தீர்வதால் வந்த கணக்கு அதற்குள் இருக்கிறது. தவிர, சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும். உள்ளே இருக்கும் ஈரம் அதன் வழியாக வெளியே போகும். கல் சுண்ணாம்பை வாளியில் நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகக்கூடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, சுவரை லேசாக நனைத்து, மோர்ப் பதத்தில் இரண்டு மூன்று தடவை மட்டையடித்தால் போதும். கெட்டியாக ஒரே தடவை அடித்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அதைச் சுரண்டி எடுக்க மனமில்லாதவர்கள் பெயின்ட்டோடே காலம் தள்ள வேண்டியதுதான்.

கொல்லிமலைக்காரர்களிடம் இன்னொரு மருந்தும் கைவசம் இருக்கிறது. மிளகுக் கொடியின் வாடல் நோய்க்குத் தெளிக்கிற போர்டோ கலவை: 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பிரான்ஸின் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க நீலமாக எதையோ தெளித்துவைத்தார்கள். அந்தக் கொடிகள் மட்டும் நோயில்லாமல் நின்றதைக் கவனித்து, 1885-ல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அதை மருந்தாக உலகுக்கு அறிவித்தார். அதிலுள்ள செம்புதான் பூஞ்சைக்கும் பாசிக்கும் எமன். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பதும் பழைய கைப்பக்குவம்தான். லேசான நீலம் தட்டும். மீன் வளர்க்கும் குட்டைக்கோ குடிநீர்த் தொட்டிக்கோ வடிகிற சுவரில் மட்டும் வேண்டாம். செம்பு மீனுக்கும் எமன்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் மேலே சொன்ன பலவும் செல்லாது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இந்தியாவில் ஷீட் இன்னும் விற்பனையில் இருக்கிறது. பாசி பிடித்த பழைய ஷீட்டைக் காய்ந்த பிரஷால் தேய்த்தால் இழைகள் காற்றில் பறந்து மூச்சில் போகும். அதன் மேல் ஏறுவதோ உயிருக்கே உலை: பாசியின் கீழே ஷீட் எங்கே இற்றிருக்கிறது என்று தெரியாது, கால் வைத்தால் நேராக உள்ளே விழ வேண்டியதுதான். மேலே சாயும் கிளையை வெட்டிவிட்டு, விழுந்த இலையைக் கீழிருந்தே நீளக் கழியால் தள்ளிவிட்டு, மாற்ற வசதி வரும்போது உடைக்காமல் நனைத்து முழுசாக இறக்குவதுதான் அதற்குச் செய்யக்கூடியது.

இவ்வளவையும் எப்போது செய்வது? கார்த்திகை, மார்கழி, தையில் காப்பிப் பழம் பறிக்க ஆள் வேண்டும். தையிலிருந்து மிளகு பறிப்பு. அந்த மாதங்களில் வீட்டுச் சுவரைத் தேய்க்க யாருக்கும் கை ஒழியாது, சுவரும் காய்ந்திருக்காது. பங்குனியில் மிளகு காய்ந்து மூட்டையாகிவிடும், கையில் கொஞ்சம் காசு புரளும். மார்ச் 21 தாண்டியதும் வடக்குச் சுவரில் காலையும் மாலையும் சாய்வெயில் விழத் தொடங்கும். ஏப்ரல் 18 வாக்கில் சூரியன் உச்சியைக் கடந்து வடக்கே சாய்ந்தபின் நண்பகல் வெயிலும் அதற்குக் கிடைக்கும். பங்குனியில் கழுவி, சித்திரை பிறந்ததும் வெள்ளையடித்துவிடலாம். கோடை மழை குறுக்கிட்டால் இரண்டு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வைகாசியில் மிளகுக்குப் போர்டோ கலவை தெளிக்கும் வாரத்தில் மாடிச் சருகை அள்ளி, பின்பக்க வாய்க்காலையும் வெட்டிவிடலாம். ஆடியில், இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் விழாவுக்குச் சனம் திரள்வதற்குள் தென்மேற்குப் பருவக்காற்றின் மழை பார்த்தாயிற்று. புரட்டாசி முடிவதற்குள் இன்னொரு தடவை மாடிக் குழாய் வாயையும் வாய்க்காலையும் பார்த்துவிட்டால், ஐப்பசி மழைக்கு வீடு தயார். பொங்கலுக்கு முகப்புச் சுவரில் ஆசைப்பட்ட நிறத்தை அடித்துக்கொள்ளுங்கள். தெற்கு பார்த்த முகப்பென்றால் அந்த மாதங்களில் வெயில் முழுக்க அதற்குத்தான், பெயின்ட் நிற்கும்.